திரையின் சொந்த அளவு

யக்கா,

நம் டைப்பிங் கடை முழுக்க இன்று புது பிளாஸ்டிக் வாசனை. பழைய மானிட்டரின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கினேன். திரைமேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரிக்கும்போது உங்கள் ஞாபகம்தான். போன மானிட்டர் வந்த அன்று, "ஏட்டி, அத நான் உரிக்கேன், குடு" என்று என் கையைத் தட்டிவிட்டு உரித்தீர்களே! மூன்று வருடமாக உங்கள் நாற்காலி காலிதான். வேறு டைப்பிஸ்ட் வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. வருகிற ஒன்றிரண்டை நானே அடித்துக்கொள்கிறேன்.

பொருத்த வந்தவர் ஒயரை மாட்டியதுமே மவுஸைப் பிடுங்கி, வழக்கம்போல செட்டிங்ஸில் ரெசல்யூஷன் என்கிற திரை அளவைக் குறைத்தேன். எழுத்து பெரிதானது. ஆனால் ஈரம் பட்ட மை மாதிரி மங்கிப்போனது. "புதுசே இந்த லட்சணமா?" என்று எகிறினேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

அவர் சிரித்தார். "பழைய டப்பா மானிட்டர்ல எந்த அளவு வச்சாலும் ஓடும் மேடம். இந்தத் தட்டை ஸ்கிரீன் அப்படி இல்ல. ஒவ்வொண்ணுக்கும் சொந்த அளவு ஒண்ணு உண்டு. அதுல வச்சாத்தான் எழுத்து வெட்டுனாப்புல நிக்கும். எழுத்த மட்டும் பெரிசாக்கணும்னா அதுக்கு வேற இடம் இருக்கு." இரண்டு இடத்தில் தட்டினார். எழுத்து பெரிதாகவும் இருந்தது, கூர்மையாகவும் இருந்தது.

"பழசுலயும் இதேதானா?" என்று கேட்டேன். பழசை மாட்டி, அதன் சொந்த அளவில் வைத்துக் காட்டினார். ஓரத்துக் கோட்டைத் தவிர எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"இத்தன வருசமா மங்கல்லயா டைப் அடிச்சீங்க? யாரு மாத்தி வச்சது?"

"தெரியலயே" என்றேன்.

நான்தான் யக்கா. நாற்பது தாண்டியதும் எனக்குச் சின்ன எழுத்து தெரியாமல் போனது. கண்ணாடி போட வெட்கம். டப்பா மானிட்டரில் செய்த மாதிரியே, அடுத்து வந்த அந்தத் தட்டை மானிட்டரிலும் அளவைக் குறைத்து வைத்தேன். அப்போது நாளுக்குப் பத்து நிமிடம் எட்டிப் பார்த்த எனக்கு அது மங்கலாகவே படவில்லை. நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்தது நீங்கள்.

"ஏட்டி, கண்ணு இல்லட்டி, இந்தப் பொட்டிதான் மங்குது. வீட்டுல அரிசில கல்லு பொறுக்குதேன், தெரியுதே" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். "எனக்கு நல்லாத்தான தெரியுது? போய்க் கண்ணக் காட்டுங்க" என்பேன். இரண்டு முறை கண்ணாடி மாற்றினீர்கள். மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து அடித்துவிட்டு, சாயங்காலம் கழுத்தைப் பிடித்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவீர்கள்.

அப்புறம்தான் அந்தச் சோழபுரத்துப் பத்திரம். சர்வே எண்ணில் 8 வர வேண்டிய இடத்தில் 3 விழுந்துவிட்டது. முதலில் வெள்ளைத் தாளில் எடுத்துச் சரிபார்க்க வேண்டியது என் வேலை. பதிவுக்கு நேரமாகிறது என்று நேராக முத்திரைத்தாளில் அச்சடிக்கச் சொன்னதும் நான்தான். தோட்டம் வாங்கியவர் கடைக்கு வந்து கத்தினார். அவர் முன்னாலேயே உங்களிடம் சொன்னேன்: "கண்ணு தெரியலைன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான யக்கா?"

நீங்கள் சாப்பாட்டுப் பையை எடுத்தீர்கள். "வாரேன்ட்டி" என்றீர்கள். அதன்பிறகு வரவே இல்லை. நான் ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். அவர்களாக வரட்டும் என்று வீம்பு பிடித்தேன். ஏழெட்டு மாதத்தில், நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று தகவல் வந்தது.

துக்க வீட்டு வாசல் பந்தலில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு போச்சுன்னுதான் சித்தி அம்மா வேலைய விட்டாவ. பொறவு பேப்பர் படிக்கக்கூடப் பயந்தாவ" என்று அழுதாள். நான் சொன்ன சொல்லை நீங்கள் வீட்டில் சொல்லவே இல்லை. நானும் தலையை ஆட்டிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

இன்று அவர் போனபிறகு அந்தப் பத்திரத்தைத் தேடி எடுத்து, பழைய திரையிலேயே திறந்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே அந்த 3 தெரிந்தது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். பிறகு உங்கள் மகளுக்கு ஃபோன் செய்து, அளவை மாற்றியது, நாக்கில் நரம்பில்லாமல் பேசியது, எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா கண்ணு நல்லாத்தான் இருந்துச்சும்மா. தப்பு என் மேல" என்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"இதக் கேட்டிருந்தா அம்மா எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாவ, சித்தி" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன் யக்கா. இது உங்களுக்குச் சேர வேண்டிய செய்தி. கொடுக்க ஆள் இல்லாமல் நான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.