பன்னிரண்டாம் ஆளின் பொன்னாடை

ஜூன் 10, செவ்வாய்

காலை முதல் தூறல். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வோஷர் வாங்க வேண்டும்.

பழைய மாணவர் சங்கச் செயலாளர் குகன் ஆண்டு மலரின் அச்சுப்படியை ஃபோனுக்கு அனுப்பியிருந்தார். ஞாயிறு விம்பிள்டன் மண்டபத்தில் மதிய விருந்து, எனக்குப் பொன்னாடை. பக்கம் 14 என்னுடையது. மூன்று தரம் வாசித்தேன். "இலங்கைப் பாடசாலைகள் அணியின் விக்கெட் காப்பாளராக இந்தியா சென்று விளையாடியவர். பின்னர் லண்டனில் பயிற்சியும் அளித்தார்."

நான் இந்தியா போனது ஒரே தடவை. மதுரைக்கு, மனைவி பவளத்தின் கண் ஒப்பரேஷனுக்கு.

விளையாடப் போனவன் தருமராசா. பள்ளிக்கூடத்தின் முதல் அணிக் கீப்பர். நான் இரண்டாம் அணி. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இறக்குவதற்கு வைத்திருந்த பன்னிரண்டாம் ஆள். அவனுக்குக் காய்ச்சல் வந்ததில்லை. இப்போது கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறான். ஞாயிறு கட்டாயம் வருவான்.

முதல் வசனம் பொய். இரண்டாவது அதைவிட மோசம். பத்தொன்பது வருடச் சம்பள வேலைக்கு நான்கு சொல்.

மாத்திரை எடுக்க மறந்துவிட்டேன். கோபம்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. வோஷர் வாங்கினேன், அளவு பிழை.

செயலாளர் கு.வுடன் ஃபோனில்.

"தம்பி, அந்த இந்தியா விசயம் நான் இல்லை. அது தருமு."

"அண்ணை, மலர் அச்சுக்குப் போயிட்டுது. இனி ஏலாது. நீங்கள் அனுப்பின படத்தில கிளவுஸோட நடுவில நிக்கிறது நீங்கள்தானே?"

"ஓம், ஆனால்..."

"பிறகென்ன. சும்மா கோச் எண்டு போட்டால் ஆர் அண்ணை டிக்கெட் எடுத்து வருவினம்? ஆரும் போய்ப் பாக்கப் போகினமே?"

நான் சொன்னது: "சரி தம்பி, பாப்பம்."

சொல்லாதது: மடையா, நீ என்னை அழைத்ததே எதற்கு? வேறொருவனுடைய வாழ்க்கைக்குப் பொன்னாடை போடவா? எழுபத்தாறு வயதில் ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு வாய் வருகிறது.

படத்தின் கதை. முதல் அணிக் குழுப்படம் எடுத்த அன்று தருமு தன் அக்காவின் கலியாண வீட்டில். நடுவில் கீப்பர் இல்லாமல் படம் எடுக்கக்கூடாது என்றார் அணியின் பொறுப்பாசிரியர். என்னைக் கூப்பிட்டுக் கிளவுஸ் மாட்டி நிறுத்தினார். கிளவுஸோடு என்னிடம் இருக்கும் படம் அது ஒன்றுதான். நாற்பது வருடமாக நோர்பரி வீட்டு ஹோலில் தொங்குகிறது. வருபவர்கள், "ஓ, முதல் அணியோ?" என்பார்கள். நான் தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன். ஒருவரிடமும் இல்லை என்று சொன்னதில்லை.

ஆக, பொய்யன் கு. மட்டும் அல்ல. இதனால் கோபம் குறையவில்லை.

ஜூன் 12, வியாழன்

வெயில். சரியான வோஷர் கிடைத்தது. குழாய் நின்றது.

மேடையில் வாசிக்கத் திருத்தம் எழுதினேன்.

1. பள்ளிக்கூடம்: இரண்டாம் அணி, மூன்று வருடம்.
2. யாழ்ப்பாணத்தில் கிளப்: அதுவும் இரண்டாம் அணி. ஏழு வருடம்.
3. லண்டன்: விடியற்காலை தபால் பிரிக்கும் வேலை, சனிக்கிழமை லீக். கடைசிப் பிரிவு.
4. கோச் பரீட்சை: இரண்டு தரம் ஃபெயில். மூன்றாம் தரம் பாஸ்.
5. உள்ளரங்கப் பயிற்சி நிலையத்தில் கீப்பர்களுக்கு மட்டுமான கோச். முழுநேரம். பத்தொன்பது வருடம்.

ஐந்தாவதை எப்படி விளக்குவது? என் பிழை, குந்தியிருந்த இடத்திலிருந்து பந்து வருமுன் எழும்பிவிடுவது. பயம்தான். அதனால்தான் எல்லா இடத்திலும் இரண்டாம் அணி. நான் தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் அன்றே காரணம் எழுதி வைத்தேன். கொப்பி கொப்பியாக. அதனால் பிறகு யார் எழும்பப் போகிறார்கள் என்பது அவருடைய முழங்காலைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. தருமுவுக்கு அது தெரியாது. அவன் பிழையே விடாதவன். என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேர் இங்கிலாந்துக் கவுண்டி அணிகளில் கீப்பராக இருந்தார்கள்.

இதற்கு நான்கு சொல்.

ஜூன் 14, சனி

புழுக்கம். கோட்டை அயன் பண்ணினேன்.

பவளம்: "இஞ்சருங்கோ, பொன்னாடையைப் போட்டால் போட்டுக்கொண்டு வாங்கோவன். அவை என்ன சத்தியக் கடதாசியே கேக்கினம்?"

தருமுவுக்கு ஃபோன் அடித்தேன். இரண்டு தரம் மணி அடித்ததும் வெட்டிவிட்டேன். அவனே திருப்பி அடித்தான்.

"ஆரடா, அடிச்சிட்டு ஒளிக்கிறது?"

"நான்தான். மலர் பாத்தனியோ?"

"பாத்தன். இந்தியாவில நல்லா விளையாடியிருக்கிறாய்." சிரித்தான். "விடு மச்சான். எனக்கு முழங்காலும் போச்சு. நீயே போய் வந்ததா இருக்கட்டும்."

பழைய சட்டை கொடுப்பது போல அவனுடைய பயணத்தைக் கொடுக்கிறான். நீ என்ன செய்தாய் என்று அவன்கூடக் கேட்கவில்லை. நன்றி சொல்லி வைத்தேன். நன்றி. வெட்கம்.

ஜூன் 15, ஞாயிறு

மண்டபத்தில் கூட்டம். ஆட்டுக்கறி உறைப்பு. தருமு மூன்றாம் மேசை, ஊன்றுகோலுடன்.

கு. மைக்கில் பக்கம் 14-ஐ அப்படியே வாசித்தார். கைதட்டல். பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். நான் மைக்கைப் பிடித்தேன். திருத்தம் கோட்டுப் பையில். எடுக்கவில்லை. மனதிலிருந்து சொன்னேன்.

"இந்தியா போனது தருமராசா. அந்தா இருக்கிறார். நான் ரெண்டாம் அணி. நான் கோச். பத்தொன்பது வருசம். அதுக்கெண்டால் போடுங்கோ. இல்லாட்டில் வேண்டாம்."

கு. சங்கத் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் கோப்பையைப் பார்த்தார். பொன்னாடை கு.வின் கையில் விரித்தபடி. பின்னால் யாரோ, "கிழவனுக்கு என்ன, சுகமில்லையோ?"

மூன்றாம் மேசையிலிருந்து தருமு: "போடு தம்பி. ஆள் நிக்குதெல்லே."

போட்டார்கள். ஒரு பக்கம் சரிந்தது. ஒருவரும் சரி செய்யவில்லை. கைதட்டியவர்கள் நான்கைந்து பேர், பவளம் உட்பட. ரயிலில் வந்து நோர்பரியில் இறங்கும்போது, "ரெண்டு தரம் ஃபெயில் எண்டதையும் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

ஜூன் 16, திங்கள்

மீண்டும் தூறல். கு. ஃபோன் அடிக்கவில்லை. அடிக்கட்டும், இந்த முறை "பாப்பம்" சொல்லமாட்டேன். சொல்லிவிடுவேனோ தெரியாது.

பதினொரு மணிக்குத் தருமுவின் ஃபோன்.

"எல்லாத்தையும் சொன்னாய். ஒண்டை விட்டிட்டாய்."

"என்ன?"

"அந்தப் படத்தில உன்ர கையில கிடக்கிறது என்ர கிளவுஸ். கலியாணத்தால வந்து பாக்கிறன், உள்ளெல்லாம் உன்ர வேர்வை. இண்டுவரைக்கும் நீ ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே கோபம். அறுபது வருடக் கோபம்.

எனக்கு அது தெரியாது. அவருடையது என்றே நினைத்திருந்தேன், பொறுப்பாசிரியருடையது. திருத்தத்தின் கீழ் எழுதிச் சேர்த்தேன்.

6. படத்தில் இருக்கும் கிளவுஸ் தருமராசாவுடையது. கேட்காமல் போட்டது.