ஏழு தட்டு, ஏழு ஒயின்

கப்பலிலிருந்து, 12.3.2004

அன்புள்ள உண்ணாமலைக்கு,

இளவரசன் எழுதுவது. நான் சுகம். கீழப்பழுவூரில் நீயும் அத்தையும் சுகமா? உன் முதுகுவலி குறைந்ததா?

கோபப்படாமல் படி. ஒயின் பரிமாறும் வேலைக்கு எடுப்பதற்கு முன், என்னை விருந்தாளி போல உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். ஏழு தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின். தள்ளாடினால் மறுபடி பாத்திரம் கழுவத்தான் போக வேண்டும். முதல் தட்டில் விரல் அளவு மீன் வந்தது. ஏழு தட்டு என்று அப்போது எனக்குத் தெரியாது, சாப்பாடே இவ்வளவுதான் என்று நினைத்து ரொட்டிக் கூடையைக் காலி செய்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த ஜெயங்கொண்டம் தனவேல் அண்ணன் சிரித்தார். "இன்னும் ஆறு வரப்போவுது தம்பி. நாக்குல பட்டா போதும், மிச்சத்த அந்தக் குடுவையில ஊத்திடு. நடுவுல தண்ணி குடிச்சுக்க."

அப்படியே செய்தேன். புளித்த மோர் போல இருந்த ஒயின், இரண்டாவது தட்டு இறாலைத் தின்றதும் இனித்தது. ஏன் என்று இன்னும் புரியவில்லை. எல்லாம் சேர்த்து அரை டம்ளர் குடித்திருப்பேன். உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. கடைசியில் நேராக எழுந்து நின்றேன், வேலை கிடைத்துவிட்டது.

பூண்டு ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்றும் எழுது. கப்பல் நாடு தாண்டத் தாண்ட இங்கே கடிகாரத்தை அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள். அந்த நேரம் தெரிந்தால் நானும் அப்போதே தட்டெடுத்து உட்காருவேன்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

உன்
இளவரசன்