சதுப்பர்களுக்கு மைனஸ் இரண்டு

ஜூன் 3, செவ்வாய்

விதிப்புத்தகம் அச்சுக்குப் போக மூன்று வாரம் இருக்கிறது. நான்கு கற்பனை இனங்களின் பிறவித் திறன்களையும் கேப்டன் சத்தமாக வாசித்தார். முதலாளி அவர். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி விளையாடும் எங்கள் ரோல்-பிளேயிங் ஆட்டத்தை நடத்துவதும் அவரே, அதனால் அந்தப் பெயர். கடைசிப் பக்கம் நான் எழுதியது. சதுப்பர்: மூச்சடக்கல் ப்ளஸ் இரண்டு. கை நீளம் ப்ளஸ் இரண்டு. படிப்பு மைனஸ் இரண்டு.

"பிரமாதம்! எங்கேருந்து பிடிச்சீங்க?"

"சும்மா... கற்பனைதான்."

ஜூன் 4

கற்பனை இல்லை. சேர்ந்த முதல் வாரமே அவசரமாக ஓர் இனம் கேட்டார்கள். ஆற்றோரத்து ஆட்களைப் பற்றி ஊர் பேசுவது எனக்கு மனப்பாடம். அதையே எழுதிக் கொடுத்தேன். நான் ஆற்றோரம் என்று இங்கே யாருக்கும் தெரியாது. என்ன எழவுக்கு எழுதினேன்? நானே எழுதினால் என்மேல் சந்தேகம் வராது என்றா?

ஜூன் 6, வெள்ளி

சோதனை ஆட்டம். படம் வரைகிற தாடி சதுப்பனாக விளையாடினான். "நான் ஒண்ணும் எடுக்கலையேஏஏ" என்று ஒரே இழுப்பு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்.

அந்த இழுப்பு அம்மாவுடையது.

ஜூன் 9, திங்கள்

தாடிக்கும் கேப்டனுக்கும் வாக்குவாதம்.

"பிறக்கும்போதே இது வரும், அது வராதுன்னு எழுதிட்டா அப்புறம் எதுக்கு பாஸ் விளையாடணும்?"

"எல்லாரும் ஒண்ணுன்னா எதுக்குடா நாலு இனம்? காதை மட்டும் நீட்டி வரையப்போறியா?"

இரண்டும் சரி என்றுதான் பட்டது. மூச்சடக்குவது உடம்பு. படிப்பு? திருட்டு? அது உடம்பில் எங்கே இருக்கிறது? — கேட்டிருக்கலாம். உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் தீர்ந்தேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் கேப்டன்.

"எனக்கு ரெண்டும் ஓகே."

ஜூன் 10

போன ஆபீஸில் நான் ஆற்றோரம் என்று தெரிந்துபோயிற்று. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பைகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் நானே நின்றுவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

கடைசிச் சோதனை ஆட்டம். சீட்டுக் குலுக்கியதில் சதுப்பப் பெண் எனக்கு வந்தாள். ஆட்டக் கதையில், சுரங்க வாசலில் எச்சரிக்கைப் பலகை. படிக்கிறேன் என்றேன்.

"முடியாது. மைனஸ் ரெண்டு. பகடையே உருட்ட வேணாம்" என்றார் கேப்டன்.

"முடியும்."

"நீங்க எழுதின ரூல்தானே?"

"எங்கம்மா படிச்சாங்களே! முப்பத்தெட்டு வயசுல, என் ஒண்ணாங் கிளாஸ் புத்தகத்தை வெச்சுக்கிட்டு—"

"நாங்க ஆத்தோரம்" என்றேன். சொல்ல நினைக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது.

"அன்னிக்கு நான் அந்தக் குரல்ல..." என்று தாடி தரையைப் பார்த்தான்.

கேப்டன் மெதுவாகத்தான் கேட்டார்: "அப்ப அந்தப் பக்கத்தை ஏன் எழுதினீங்க?"

எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூன் 16, திங்கள்

உள்ளே நுழைந்ததும் பைகளைத்தான் பார்த்தேன். எல்லாம் திறந்தே கிடந்தன. வேண்டுமென்றே திறந்து வைத்தார்களோ? அதுவும் பயமாக இருக்கிறது.

ஜூன் 18

இன்று யாரும் ஜோக் அடிக்கவில்லை. நான் வெளியே போனபின் அடித்தார்களா, தெரியாது.

ஜூன் 23, திங்கள்

நாளை அச்சுக்கு. மூச்சடக்கல் இருக்கிறது. இன்னோர் இனத்துக்கு இருட்டில் கண் தெரியும், அதுவும் இருக்கிறது. படிப்பையும் கை நீளத்தையும் எல்லா இனங்களிலிருந்தும் அடித்தேன். என் கையாலேயே. "ஆட்டம் கொஞ்சம் சப்புன்னு ஆயிடும்" என்று முனகிவிட்டுக் கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

சதுப்பர் குடியிருப்புப் படம் மட்டும் பாக்கி. தாடி வெற்றுத் தாளோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். "உங்க வீட்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"கேளு" என்றேன்.