பெருங்காயத்தின் மேல் பழி

சைதாப்பேட்டையில் தம்பி வீட்டில் கோபமாக உட்கார்ந்திருக்கும் என் அம்மணிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று மயிலாப்பூர் பஸ்ஸில் நான் விட்ட ஓர் ஏப்பத்துக்குப் பக்கத்து சீட்டே காலியாகிவிட்டது. “இன்னா நைனா, பாக்கெட்டுல எலி எதுனா செத்துக் கீதா?” என்றான் கண்டக்டர்.

நீ வீட்டைவிட்டுப் போனதும் இந்த நாற்றத்தால்தானே? சத்தியமாக அது நானில்லை. வாயுவுக்கு வைத்தியர் கொடுத்த பெருங்காய உருண்டை! தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்கினேன். பெருங்காயத்திலுள்ள கந்தகம்தான் அழுகின பூண்டாக நாறுமென்று கெமிஸ்ட்ரி வாத்தியாரான உன் தம்பியே சொன்னான். சீச்சீ! மொத்தத்தையும் கால்வாயில் எறிந்துவிட்டேன். நீ திரும்பி வா.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: உன் தம்பி சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஓர் உருண்டையைக் காலேஜில் சோதித்தானாம். யுத்தகாலக் கலப்படச் சரக்கு, வெறும் மைதாவும் பிசினும்தானாம். பெருங்காயம் துளிகூட இல்லையாம்.