உன் கட்டில் இப்போ என் மேஜை

அண்ணா,

உள்ள வந்ததும் சாவியப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட திருப்பிக் குடுத்துடு. அம்மா நைட் டியூட்டி முடிஞ்சு காலையில பத்து மணிக்கு வருவாங்க. நான் ஸ்கூல்ல இருப்பேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சாப்பிடு, சாப்பிடாமப் போ, எனக்கென்ன.

ரூமப் பாத்துட்டுக் கத்தாத. ஆமா, கட்டில் இல்ல. நான்தான் கழட்டினேன். "இந்த வீட்ல இனிமே தலை சாய்க்க மாட்டேன்"னு அம்மா மூஞ்சிக்கு நேரா கத்திட்டு, கதவ அறைஞ்சுட்டுப் போனது யாரு? தலை சாய்க்காதவனுக்குக் கட்டில் எதுக்கு? நான் எத்தன வருஷம் தரையில குப்புறப் படுத்து எழுதுவேன்? தலைமாட்டுப் பலகைதான் இப்போ மேஜை. பக்கச் சட்டமெல்லாம் புத்தகத் தட்டு. ஒரு கால் ஆடுச்சு, உன் கணக்கு நோட்ட மடிச்சு அடியில வெச்சேன். உன் படிப்பு அதுக்காவது உதவிச்சே.

நீ வர்றேன்னு போன் பண்ணதுலேருந்து அம்மா தானா சிரிச்சுக்கறாங்க. எனக்குத்தான் தூக்கமே வரல. இப்போ மணி ரெண்டு. இதப் பாத்துட்டு நீ மறுபடியும் பையத் தூக்கிட்டேன்னா, அம்மா என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. பயமா இருக்குண்ணா. ஆனா ஸாரி மட்டும் சொல்ல மாட்டேன்.

எழுத மறந்துட்டேன்: எதையும் அறுக்கல. ஆணியும் அடிக்கல, எல்லாம் கட்டிலோட பழைய ஸ்க்ரூதான். கழட்டினா திரும்ப மாட்டிடலாம். ஸ்க்ரூ டிரைவர் மேஜை மேலயே இருக்கு.

பலகை கனம், ஒரு ஆளால தூக்க முடியாது. நான் நாலு மணிக்குத்தான் வருவேன். அதுவரைக்கும் போயிடாத.