சாம்பிராணி போடாத புதன்கிழமை

15-6-1983, புதன்



சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மனைவி சரோஜா கேட்டாள். "ஏங்க, நான் இன்னிக்குச் சாம்பிராணியே போடல. மக ரூம்ல ஏன் புகை வாடை அடிக்குது?"

ஒரு மாதமாகவே அந்த வாடை உண்டு. வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகை தங்கிவிட்டது என்று நினைத்தேன். நான், ஒரு வயர்மேன்!

மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுச் சீலிங் பலகையைக் கழற்றினேன். குளியலறை ஹீட்டருக்குப் போகும் வயரின் இணைப்பில் டேப் உருகிக் கரியாகியிருந்தது. பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. நேர் கீழே மகளின் தலையணை.

போன தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குச் சுடுதண்ணீர் வேண்டுமென்று, முதல் நாள் அவசரமாக முறுக்கி டேப் சுற்றியது நான்தான். கனெக்டரை மறுநாள் போடலாம் என்றிருந்தேன். மற்றவர் வீட்டில் மட்டும், "டேப்ப நம்பாதீங்க லா, திருகாணி வெச்ச பீங்கான் கனெக்டர் வாங்குங்க" என்று சண்டை போடுவேன்.

ஏணியைப் பிடித்தபடி சரோஜா கத்தினாள். "எவன் செஞ்ச வேலைங்க இது? அவன சும்மா விடாதீங்க!"

கருகிய டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பீங்கான் கனெக்டர் போட்டு, மூன்று முறை இறுக்கிவிட்டேன். மெயினைத் திரும்பப் போடத்தான் மனம் வரவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.