கை நிற்காத வள்ளம்

அண்ணை,

இன்று காலை பாரிஸில், லா சப்பல் மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே யாரோ இரும்பை அரைத்துக்கொண்டிருந்தார்கள். பொறி பறந்த இடத்திலிருந்து அந்தக் கருகல் நாற்றம் வந்து மூக்கில் ஏறியது. கறிவேப்பிலை வாங்கப் போன நான் பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன். மனைவி கேட்டாள். கடை பூட்டு என்றேன். எனக்குப் பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விட்டது. நீங்கள் திருச்சியில் காலமான செய்தியைப் போன மாதம் அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். உயிரோடு இருந்தபோது எழுதத் துணிவில்லாத கடிதத்தை இப்போது எழுதுகிறேன். வெட்கம் கெட்டவன்தான், என்ன செய்ய.

உங்களுக்கு அப்போது ஒரே ஒரு யோசனைதான். மன்னாரில் இருந்த உங்கள் மனைவி அக்காவையும் உங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் எப்படியாவது இங்கே கூப்பிட்டுவிட வேண்டும். அதற்கு ஒரு வீடு காட்ட வேண்டும் என்று விசா கொடுக்கும் பிரிபெக்தூர் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் முறை வைத்துப் படுத்தோம். சார்செலில் வீடு கேட்டுப் போனால் உங்கள் பப்பியேயை, அந்த வதிவிடத் தாளைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கதவைச் சாத்துவார்கள். அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போதுதான் கால்வாயில் வள்ளங்களிலேயே குடியிருக்கும் பிரெஞ்சுக்காரரைக் கண்டீர்கள். ஒடுங்கிய நீண்ட வள்ளம், ஜன்னலில் திரைச்சீலை, கூரையில் பூச்சட்டி.

"இஞ்சை பாரும். தண்ணியிலை வீடு வைக்கிறது எங்களுக்குத் தெரியாத வேலையோ?" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

வள்ளத்தின் வெறும் இரும்பு உடம்பை மட்டும் கட்டிக் கொடுக்கும் பட்டறைகள் சென்-தெனி கால்வாயோரம் இரண்டு இருந்தன. பிரெஞ்சுக்காரர் அதைக் கோக் என்பார்கள். அதை வாங்கி, உள்ளே அறையும் கூரையும் நீங்களே அடித்துக்கொள்வதாகத் திட்டம். இரண்டு பட்டறைகளில் ஒன்றில்தான் நான் வேலை செய்தேன். தகடுகளை வெல்டிங் வைத்து ஒட்டிய இடத்தில் எழும்பி நிற்கும் இரும்பை அரைத்து மட்டமாக்குவது என் வேலை. யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார், இங்கே அரைக்கிற ஆள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே நடந்தோம். முதலில் மற்றப் பட்டறை. அதன் சொந்தக்காரர் வயதான ஆள், வாயில் அணைந்த சிகரெட். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அணியத்தில் வைத்துக் கடையார் வரை, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும், மெதுவாக இழுத்துக்கொண்டு போனீர்கள். மன்னாரில் வள்ளம் கட்டும் தச்சரை, ஓடாவியை அப்படித்தான் தெரிவு செய்வீர்களாம். பலகை பொருந்துகிற இடம் கைக்குத் தெரியக்கூடாது. கை எங்காவது நின்றால் அந்த ஓடாவியிடம் வள்ளம் கட்டக் கொடுக்கக்கூடாது.

"கை நிக்குது," என்றீர்கள். "அடிக்கொருக்கா நிக்குது. சாக்கு மூட்டின மாதிரி வேலை."

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கிழவர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு வசனம் சொன்னார். அதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்: "தான் ஒண்டையும் மறைக்கேல்லையாம், அண்ணை."

"மறைக்க வழி தெரியாதவன் வேறை என்ன சொல்லுவான்?" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

பிறகு எங்கள் பட்டறை. பத்ரோன், அதுதான் என் முதலாளி, கைகொடுத்து வரவேற்றார். அங்கே நின்ற கோக்கை நான்தான் மூன்று வாரம் அரைத்தேன். திரும்பவும் கண்ணை மூடினீர்கள். கை வழுக்கிக்கொண்டே போனது. கடையார் வரைக்கும் போய்விட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"கை எங்கையும் நிக்கேல்லை. ஆர் செய்தது?"

"நான்தான் அண்ணை."

"உது வேலை," என்றீர்கள். "உம்மட கையிலை இப்பிடி ஒரு வேலை இருக்கெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வள்ளம் ஒழுகுமா என்று பார்க்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. ஒட்டின இடத்தில் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். ஓட்டை இருந்தால் எண்ணெய் ஊறி வந்து வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். அந்தக் கோக்கில் கடையாரின் அடியில் மூன்று புள்ளி தெரிந்தது. என் கண்ணாலே பார்த்தேன். திரும்ப ஒட்ட வேண்டிய இடம். பத்ரோன் கையால் காற்றைத் தடவிக் காட்டினார், அரை என்று. நன்றாக அரைத்தேன். மேலே மூன்று பூச்சு மை, அதுதான் பெயின்ட், அடித்தோம்.

என் வதிவிடக் கார்ட் புதுப்பிக்கப் பத்ரோனின் கடிதம் தேவைப்பட்டது, அதனால் பயந்தேன் என்று வேறு யாருக்கும் சொல்லலாம். ஆனால் நீங்கள் தமிழில் கேட்டீர்கள், நான் தமிழில் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு என்ன விளங்கப் போகிறது? உண்மை அதைவிடக் கேவலம். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருடத்தில் என் வேலையை ஒருவர் தொட்டுப் பார்த்து நல்லது என்றது அதுதான் முதல் தடவை. அதை இழக்க மனம் வரவில்லை, அண்ணை. மூன்று புள்ளி மைக்குள் அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கோக்கையே வாங்கி, மாரி தொடங்கக் கூரை போட்டு முடித்திருந்தீர்கள். பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டில் அடித்து, மேலே யார் படுப்பது என்று அவர்களே சண்டை பிடிக்கட்டும் என்று சொன்னீர்கள். ஒரு வாரம் கழித்துக் கட்டில் காலில் ஈரம். பிறகு தினமும் விடிய எழும்பி எண்ணெய் டின்னால் தண்ணீர் இறைத்துவிட்டு, வேலை செய்த ரெஸ்டோரண்டுக்கு ஓடினீர்கள். நானும் வந்து இறைத்தேன். இறைத்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்திருப்பேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சொல்வதைத் தவிர எல்லாவற்றையும் செய்திருப்பேன்.

வள்ளத்தைக் குடியிருப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டிய பரிசோதகர், எக்ஸ்பேர், தை மாதம் வந்தார். சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பின்பக்கம் போனார். மையைச் சுரண்டினார். ஸ்குரூட்ரைவரின் நுனியை வைத்து அழுத்தினார், அது உள்ளே போய்விட்டது. தகட்டை ஒட்டிய இரும்பு கடதாசி போல் மெலிந்து கிடந்தது. எழும்பி நின்று என்னிடம் சொன்னார்: நல்ல ஒட்டு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், அதை அப்படியே விடுவார்கள், எவனோ ஓட்டை தெரிந்துகொண்டே அதை மறைக்க அரைத்திருக்கிறான், இதில் குடியிருக்க நான் எழுதித் தரமாட்டேன்.

"என்னவாம்?" என்று கேட்டீர்கள்.

நான்தானே உங்களுக்கு வாய்.

"எழுதித் தரமாட்டாராம், அண்ணை. பழைய தகடாம். அதாலை ஊறுதாம்."

"அப்ப இரும்பின்ரை பிழை?"

"ஓம். இரும்பின்ரை பிழை."

நீங்கள் பிள்ளைகளின் கட்டிலில் இருந்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழப்போகிறேன் என்று நினைத்தீர்களோ என்னவோ, என் முதுகில் தட்டினீர்கள். "நீர் ஏன் கவலைப்படுறீர்? உம்மட வேலையை நான் தடவிப் பாத்தனான்."

அந்த வருடமே மன்னாரில் நிலைமை மோசமாகி, அக்கா பிள்ளைகளோடு ராமேஸ்வரத்துக்குக் கடல் தாண்டினார். அவர்கள் திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் என்ற செய்தி வந்ததும் நீங்கள் இங்கே இருக்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். விட்டுப் போனால் பப்பியே திரும்பக் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னோம். விமான நிலையத்தில் கைப்பிடித்து வழியனுப்பினேன். அப்போதும் சொல்லவில்லை. நாலு வருடம் முகாம், பிறகு காய்ச்சல், பிறகு ஒன்றுமில்லை. அந்த மூன்று புள்ளியைத் திரும்ப ஒட்டச் சொல்லியிருந்தால், அல்லது கிழவரின் வள்ளத்தையே வாங்குங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நீங்கள் இன்று இங்கே இருந்திருப்பீர்கள். பிள்ளைகள் உங்களுக்குப் பிரெஞ்சில் மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

போன கிழமை உங்கள் மூத்த மகள் கடிதம் போட்டிருந்தாள். வடிவான எழுத்து. "மாமா, பாரிஸில் அப்பா வாங்கின வள்ளம் பிழைச்சாலும் நீங்கள் அதில் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை என்று அப்பா கடைசிவரை சொல்லுவார். அந்த நாட்டில் தன்னை ஏமாற்றாத ஒரே ஆள் நீங்கள்தானாம். அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்கு எழுதுவீர்களா?" என்று கேட்டிருந்தாள்.

உண்மையை எழுதத்தான் இருந்தேன், அண்ணை. மூன்று தாள் கிழித்தேன். உண்மையை எழுதினால் உங்களை ஏமாந்தவராக அவளுக்குக் காட்ட வேண்டும், அல்லது அப்படியொரு சாட்டை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கடைசியில் நீங்கள் எவ்வளவு நல்ல மனிதர் என்று இரண்டு பக்கம் எழுதினேன். வேலையைப் பற்றி ஒரே வரி: "அப்பா சொன்னது சரி, மகள்." முந்தாநாள் தபாலில் சேர்த்துவிட்டேன்.